நடுக்கடலில் ஒரு பங்குக் கிணறு

வா மருமவனே, உக்காரு. கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளி உக்காரு. இந்தக் கிடாரி இருக்கே, வெள்ளைத் துணியைக் கண்டா நக்காம விடாது. நீ வேற சலவைக் கால்சட்டை போட்டுட்டு வந்திருக்கே.

கப்பல்ல போறீகளாம், அக்கா சொன்னா. சிங்கப்பூர்ல ஏறி, பினாங்கு, புக்கெட்டுன்னு ரெண்டு ஊரு பாத்துட்டு, அஞ்சு ராத்திரி கழிச்சு மறுபடியும் சிங்கப்பூர்லயே எறங்குதது. போன வருசம் எம் மவ என்னையக் கூட்டிக்கிட்டுப் போன அதே பாதைதான். ஒங்க அத்தை வரல. பசு நெறமாசமா நின்னுச்சு. "கப்பல் அடுத்த வருசமும் ஓடும், கன்னு அடுத்த வாரம் விழுந்துரும்"னுட்டா. அவ கணக்கு அவளுக்கு.

நான் போயிட்டு வந்தவன்னு எங்கிட்ட விசாரிக்க வந்தவுக எத்தனையோ பேரு. ஒருத்தரு சோறு கெடைக்குமான்னு கேட்டாரு. ஒருத்தி வாந்தி வருமான்னா. மேலத்தெரு வாத்தியாரு, கக்கூஸ்ல தண்ணியா தாளான்னு காதுக்குள்ள வந்து கேட்டாரு. அதெல்லாம் நியாயமான கேள்வி. காப்பி டம்ளரைக் கீழ வைக்கும் முன்னால "மாமா, அங்க நெட்டு எப்பிடி?"ன்னு கேட்டவன் நீ ஒருத்தன்தான். பெங்களூர்ல வருசம் பூரா அதுக்குள்ளதானே கெடக்கே? அதை விட்டு ஓடத்தான் இம்புட்டுப் பணத்தைக் கட்டி நடுக்கடலுக்குப் போறேன்னு நெனைச்சேன். நீ கட்டுச்சோத்தோட எலியையும் சேத்துல்லா கட்டுதே! சரி, மூஞ்சியத் தூக்காதே. கேட்டுட்டே, சொல்லுதேன்.

கப்பல் கரையை விட்டு நகந்து, எல்லாரும் கையாட்டி முடிச்சதும், வீட்டு ஆளுக அஞ்சு பேரு போனையும் வாங்கி ஏரோப்ளேன் மோடுல போட்டுரு. கப்பல்ல ஏறிட்டு என்னத்துக்கு ஏரோப்ளேன்னு சிரிக்காதே, நானும் சிரிச்சேன். கப்பலுக்குன்னு சொந்தமா ஒரு செல்போன் டவரு உண்டு. கரையிலேருந்து சுமாரா 12 கடல் மைல் தாண்டுனதும் அது கண்ணு முழிக்கும். 12 கடல் மைல்னா நம்ம கணக்குல 22 கிலோமீட்டர். உள்ளூர் டவரைத் தொலைச்சுட்டுத் தாயில்லாப் பிள்ளையா அலையுத ஒம் போனு, அது கூப்ட ஒடனே அதும் பின்னால ஓடிரும். அதுக்கு ரேட்டு தனி. மலேசியாவுக்கு ரோமிங் போட்டிருக்கேன், தாய்லாந்துக்குப் போட்டிருக்கேன்னு சொல்லுவே. கடல் எந்த நாட்டுக் கணக்குலயும் வராதுப்பா. கப்பல் டவருக்கு அந்த பேக் செல்லாது, அதுக்குத் தனியா வாங்கணும். எங்க சாப்பாட்டு மேசையில ஒரு மனுசரு, சட்டைப்பையில போனை வச்சுக்கிட்டு ஒருத்தர்கிட்டயும் பேசாம இருந்தவரு. பேசாதவருக்கும் பில்லு வந்துருச்சு. அவரு தூங்கும்போது போனு அது பாட்டுக்குப் படத்தையெல்லாம் எங்கயோ மேல ஏத்திக்கிட்டு இருந்திருக்கு. கடேசி நாளு வரைக்கும் அந்த மேசையில அவரு ஐஸ்கிரீம் சாப்பிட்டு நான் பாக்கல.

ஏரோப்ளேன் மோடுல போட்டுட்டு, கப்பல் வைஃபையை மட்டும் தெறந்து விடு. காசு கட்டாமயே கப்பல்காரன் ஆப்பு வேலை செய்யும். எங்க சாப்பாடு, என்ன ஆட்டம், எத்தனாவது மாடின்னு அதுல பாத்துக்கிடலாம். கப்பலுக்குள்ளயே ஒருத்தருக்கொருத்தரு சேதி அனுப்பிக்கிடவும் வசதி உண்டு. சில கப்பல்ல அது சும்மா, சில கப்பல்ல அதுக்கும் துட்டு. ஊருக்குள்ள பேச வரி கம்மி, எல்லையைத் தாண்டுனாத்தான் சுங்கம்.

இனி அந்தச் சுங்கத்துக்கு வாரேன்.

நடுக்கடல்ல கம்பி ஏது? எல்லாம் ஆகாசத்துலேருந்துதான் எறங்கணும். முந்தி இருந்த சேட்டிலைட்டு 35,786 கிலோமீட்டர் ஒசரத்துல நிக்குது. பூமி சுத்துத வேகத்துக்கே அதுவும் சுத்துததுனால, ஒரே எடத்துல ஆணியடிச்ச மாதிரி இருக்கும். நல்லதுதான், ஆனா தூரம். நீ கேட்ட கேள்வி மேல போயி, கீழ வந்து, பதிலு மறுபடி மேல போயி, கீழ வரதுக்குள்ள அரை வினாடிக்கு மேல ஆயிரும். அரை வினாடிதானேன்னு நீ சொல்லலாம். எங்க அக்காகிட்ட வீடியோவுல பேசிப் பாரு. அவ "சாப்டியா?"ன்னு கேட்டுட்டுப் பதிலு வரலன்னதும் "என்ன, சாப்டலியா?"ன்னு கேப்பா. அதுக்குள்ள மொதக் கேள்விக்கு "ஆமா"ன்னு வந்து விழும். ஒரு குடும்பச் சண்டைக்கு அந்த அரை வினாடி போதும்.

இப்ப வந்திருக்கது வேற. ஸ்டார்லிங்க்னு ஆயிரக்கணக்குல குட்டிக்குட்டியா விட்டிருக்கான். 550 கிலோமீட்டர் பக்கத்துலதான் பறக்குது, ஒண்ணு போனா அடுத்தது வருது. ராயல் கரீபியன் கப்பல்காரன் 2022-லயே எல்லாக் கப்பலுக்கும் அதை மாட்டப் போறேன்னு அறிவிச்சான், அப்புறம் மத்தவனும் மாட்டிட்டான். முந்தியது ஆழ்துளைக் கிணறு, இது கைக்கெட்டுத ஊத்து. ஆனா மருமவனே, ஊத்து எம்புட்டுப் பக்கத்துல இருந்தாலும் எறைக்க வாரவன் நாலாயிரம் பேரு. கப்பலு எந்தக் கரையும் தொடாத அன்னிக்கும், சாயங்காலம் சாப்பாட்டுக்கு முன்னாலயும், எல்லாவனும் ஒரே நேரத்துல கயித்தை எறக்குவான். அப்ப ஒம் படம் பாதி வானத்தோட நிக்கும்.

விலை கேட்டியே. பெரிய கப்பல்கள்ல பெரும்பாலும் ஒரு போனுக்கு ஒரு நாளைக்கு 15-லேருந்து 30 டாலருக்குள்ள வரும். கப்பல்ல ஏறும் முன்னால வீட்லேருந்தே வாங்குனாக் கொஞ்சம் கொறையும், ஏறின பெறகு கேட்டா மாட்டுத் தரகன் மாதிரிதான் பேசுவான். நீங்க அஞ்சு பேரு. அஞ்சுக்கும் வாங்குனா அந்தப் பணத்துக்கு ஒங்க அத்தை இன்னொரு பசு வாங்கிருவா. அதனால ஒண்ணு வாங்கு, மிஞ்சிப்போனா ரெண்டு. மாத்தி மாத்திப் பாத்துக்கிடலாம். நாங்க போன கப்பல்ல ஒரு போன் கணக்குன்னா, ஒரு நேரத்துக்கு ஒரு போனு. இவன் கணக்கை மூடிட்டு வெளிய வந்தா, அவன் உள்ள போகலாம்.

இதை எம் மாப்ளை சொன்னப்ப எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அவரு ஏதோ புதுசாக் கண்டுபிடிச்ச மாதிரி வெளக்குதாரு. பங்குக் கிணத்துல பொறந்து வளந்தவன்கிட்ட முறைத்தண்ணிக்குப் பாடமா?

ஒங்க தாத்தா காலத்துல நாலு பங்காளிக்கு ஒரு கிணறு. ஆளுக்கு ரெண்டு நாளு, எட்டு நாளைக்கு ஒரு சுத்து. எழுத்துல ஒண்ணும் கெடையாது, எல்லாம் வாய்ச்சொல்லுதான். மோட்டாரு வந்த பெறகு கரண்டு வார நேரம் பாத்து முறை மாறிச்சு. அப்பல்லாம் மும்முனைக் கரண்டு ராத்திரிலதான் வரும். ஒன் முறைன்னா நீ முழிச்சுக் கெடக்கணும். கண்ணசந்து போயி அடுத்தவன் முறை வந்த பெறகும் மோட்டாரை நிறுத்தாம விட்டேன்னு வையி, விடியக்காலையில வரப்புல பஞ்சாயத்து. எங்க சித்தப்பா ஒருத்தரு இருந்தாரு. கோயில்ல ஒரு ரூவா கெடந்தாக் கூட எடுத்து உண்டியல்ல போடுத மனுசன். ஆனா அடுத்தவன் முறையன்னிக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு மம்பட்டியைத் தோள்ல போட்டுக்கிட்டு "வயித்து வலி, காலாற நடக்கேன்"னு போவாரு. காலையில பாத்தா அவரு மிளகாப் பாத்தி மட்டும் குளுந்து கெடக்கும், மடை வாயில புதுமண்ணு ஈரம் காயாம இருக்கும். களவு இல்லியாம், கசிவாம்.

அந்தச் சங்கதியெல்லாம் கப்பல்ல அப்படியே நடக்கும், பாத்துக்கிடு. கணக்கை மூடாம உறங்கிட்டா, மோட்டாரை நிறுத்தாதவன் கணக்குத்தான். ஒம் மவன் விளையாட்டு போனுல தானாவே ஏதாவது புதுப்பிச்சுக்கிட்டு இருந்தா, அது வாய்க்கால் ஒடப்பு. வாட்சப்புல வார படம், வீடியோ எல்லாம் தானா எறங்குத வழியை வீட்லயே அடைச்சிட்டுப் போ. போட்டோவைத் தானா மேல ஏத்துததையும் நிறுத்து. சினிமா, சீரியலையெல்லாம் ஊர்லயே எறக்கி வச்சுக்கிட்டா எங்க அக்கா ஒன்னய வையமாட்டா. ரூமுக்குள்ள சிக்னல் படுத்துருச்சுன்னா கப்பல்காரனைத் திட்டாதே. கப்பலே இரும்பு, செவரும் இரும்பு, அலை எங்கிட்டு நொழையும்? கதவைத் தெறந்து நடைபாதைப் பக்கம் வா.

செவரு இரும்புன்னதும் ஞாபகம் வருது. மாப்ளை ஒரு தாள்ல நேர அட்டவணை எழுதி, பிரிட்ஜ்ல ஒட்டுத காந்தத்தை வச்சுச் செவத்துல ஒட்டிட்டாரு. காலையில 7-லேருந்து 8 அவருக்கு, ஆபீஸ் மெயிலு பாக்கணுமாம். லீவு போட்டுட்டு எதுக்கு மெயிலுன்னு கேக்க நான் யாரு? 8-லேருந்து 9 எம் மவளுக்கு. மத்தியானம் ரெண்டு மணி நேரம் பேரனுக்கு. பெறகு மறுபடியும் மாப்ளை, மறுபடியும் மவ. எல்லாத்துக்கும் கீழ, பென்சில்ல: "தாத்தா, 6.30 – 7." கப்பல்ல இருக்கவன் பூரா கயித்தை எறக்குத அந்த நேரந்தான் எனக்கு. கடைமடைக்காரன் பாடு கடல்லயும் கடைமடைதான். வட்டம் சுத்துச்சு, சுத்துச்சு, சுத்திக்கிட்டே இருந்துச்சு. ஏழு அடிச்சதும் பேரன் வந்து, "தாத்தா, டைம் ஓவர்"னுட்டான்.

நீ கம்ப்யூட்டர் படிச்சவன், குறுக்கு வழி யோசிப்பே. ஒன் கண்ணு ஓடுதது தெரியுது. ஒரு போனுக்குக் காசு கட்டி, அதுலேருந்து ஹாட்ஸ்பாட்டு போட்டு மத்த நாலுக்கும் பாய்ச்சலாம்னுதானே? சில ஆண்ட்ராய்டு போனு ஒரு கையில வைஃபையை வாங்கி மறு கையில குடுக்கும். ஐபோனுக்கு அந்தக் குணம் கெடையாது, வாங்குன வைஃபையைத் திருப்பிக் குடுக்காது. லேப்டாப்பு குடுக்கும். பொடி ரவுட்டரு ஒண்ணைப் பெட்டிக்குள்ள வச்சுக் கொண்டு போயிரலாம்னும் நெனைப்பே. சில கப்பல் கம்பெனிக ரவுட்டரு, சேட்டிலைட்டுத் தட்டு ரெண்டையும் கொண்டுவரக் கூடாத சாமான் பட்டியல்லயே சேத்துட்டாக. ஏறுத எடத்துல பெட்டியை எக்ஸ்ரேயில பாப்பான். சாராயப் பாட்டில்காரன் வரிசையில நீ ரவுட்டரோட நிக்கணும். குனிஞ்ச தலை நிமிராம நீ நிக்குததை எங்க அக்கா பாக்கணுமா?

இதுல ஒரு பெரிய கதை உண்டு, பேரன் வாசிச்சுக் காட்டினான். 2023-ல அமெரிக்கக் கடற்படையோட மான்செஸ்டர்ங்கிற போர்க்கப்பல் பசிபிக் பக்கம் கெளம்பிச்சு. போர்க்கப்பல்ல நெனைச்ச நேரம் நெட்டு பாக்க விடமாட்டான், ரகசியம் போயிரும்னு. அதுல இருந்த மூத்த பெண் அதிகாரி ஒருத்தி, கெளம்புறதுக்கு முன்னால 2,800 டாலருக்கு ஒரு ஸ்டார்லிங்க் தட்டு வாங்கி, கேப்டனுக்கே தெரியாம மேல்தட்டுல மாட்ட வச்சுட்டா. சக அதிகாரிமாரு பங்கு போட்டுக்கிட்டாக. மாலுமிப் பயலுகளுக்குக் கெடையாது. பாத்தியா, அங்கயும் கடைமடை! அந்த வைஃபைக்குப் பேரு "ஸ்டிங்கி". நாத்தம் புடிச்சதுன்னு அர்த்தமாம். கள்ளச்சாராயம் காச்சுதவன் கூடப் பானைக்கு இப்பிடிப் பேரு வைக்கமாட்டான்.

நாத்தம் பரவத்தானே செய்யும்? மாலுமிக போனுல அந்தப் பேரு தெரிய ஆரம்பிச்சு, குசுகுசுன்னு பேச்சு கெளம்பிருச்சு. ஒருத்தன் கேப்டனுக்கு வைக்குத யோசனைப் பெட்டியில சீட்டே எழுதிப் போட்டான். அந்தம்மா அந்தச் சீட்டையும் கேப்டன் கைக்குப் போகாம எடுத்துட்டா. கேப்டன் நேர்ல கேட்டதுக்கு இல்லவே இல்லன்னுட்டா. கப்பலைத் தேடுனாக, ஆம்புடல. பெறகு வைஃபை பேரை ஏதோ பிரிண்டரு பேரு மாதிரி மாத்தி வச்சா. இதுல வேடிக்கை என்னன்னா, அந்தக் கப்பல்ல வைஃபை பிரிண்டரே கெடையாது. கடைசியில, கடற்படை தானே அனுமதிச்ச தட்டு ஒண்ணை மாட்டுததுக்கு வந்த வேலைக்காரன் மேல ஏறிப் பாக்கான், அங்க ஏற்கெனவே ஒண்ணு குந்திக்கிட்டு இருக்கு! 2024-ல ராணுவக் கோர்ட்டு அந்தம்மாவை ஒரு படி கீழ எறக்கி விட்டுச்சு. சித்தப்பாவோட மம்பட்டிக்கும் அந்தத் தட்டுக்கும் என்ன வித்தியாசம் சொல்லு? சித்தப்பா பிடிபடல, அம்புட்டுதான்.

நெட்டு இல்லாத காலத்துலயும் கப்பல்ல இந்தப் பறப்பு இருந்திருக்கு. டைட்டானிக்குல கம்பியில்லாத் தந்தி இருந்துச்சுல்லா. மொதப் பத்து வார்த்தைக்குப் பன்னெண்டரை ஷில்லிங், பெறகு வார்த்தைக்கு ஒம்பது பென்னி. பணக்காரச் சனம் "சுகமா இருக்கேன், வந்துக்கிட்டிருக்கேன்"ங்கிற மாதிரித் தந்தியாக் குடுத்துக் குவிச்சிருக்கு. 1912 ஏப்ரல் 14 ராத்திரி, பக்கத்துல நின்ன கலிபோர்னியன் கப்பல்காரன் "எங்களைச் சுத்திப் பனிப்பாறை, நாங்க நிறுத்திட்டோம்"னு சேதி சொல்ல வந்திருக்கான். குவிஞ்சு கெடந்த பயணிக தந்தியைக் கரைக்கு அனுப்பிக்கிட்டு இருந்த டைட்டானிக் ஆளு, வேலையாயிருக்கேன், பேசாம இருன்னு அவனை வாயடைச்சுட்டான். இதை ஒங்க அக்காமாரு வாட்சப்பு குரூப்புக்குச் சொல்லு. கேக்க மாட்டாளுக, இருந்தாலும் சொல்லு.

பினாங்குல எறங்குனா ஸ்வெட்டன்ஹாம் துறையிலேருந்து நடந்தே ஜார்ஜ்டவுனுக்குள்ள போயிரலாம், லிட்டில் இந்தியாவும் கிட்டதான். கரையில சும்மா நெட்டு கெடைக்குத எடம் எதுன்னு பலகையைப் பாத்துத் தேடாதே. கப்பல்ல வேலை பாக்குத பயலுக எங்க குந்தியிருக்கானுகன்னு பாரு, அந்த எடந்தான். எங்க ரூமைக் கூட்டித் துண்டுல யானை, கொரங்கு செஞ்சு வைக்குத பையன் தூத்துக்குடிக்காரன். அவன் ஒரு சந்துச் செவத்துல சாஞ்சுக்கிட்டு, போனை மூக்குக்கு நேரா வச்சுப் பேசிக்கிட்டு இருந்தான். நான் கிட்ட போனதும் போனை எம் பக்கம் திருப்பினான். பொறந்து நாலு மாசப் பிள்ளை, நெத்தியில ஒரு ரூவா அகலத்துக்கு மை. "இன்னும் கையில தூக்கலய்யா"ன்னான். அவனுகளும் கப்பல்ல நெட்டுக்குக் காசு குடுக்கத்தான் செய்யணுமாம், நமக்கு விட மலிவுன்னான். பக்கத்துல பிலிப்பீன்ஸ்காரி ஒருத்தி அதே மாதிரி அழுதுக்கிட்டும் சிரிச்சுக்கிட்டும் நின்னா. நான் எம் போனை வேட்டி மடிப்புலயே வச்சுக்கிட்டு டீ குடிக்கப் போயிட்டேன்.

என்ன, நேரத்தைப் பாக்குதே? இரு, நான் எப்பிடிச் சமாளிச்சேன்னு கேட்டுட்டுப் போ.

மொத ராத்திரி. சிங்கப்பூரை விட்டு மலாக்கா நீரிணையில போய்க்கிட்டிருக்கோம். ஏழு மணிக்குப் பேரன் தொரத்தி விட்டதுலேருந்து எனக்கு உறக்கம் வரல. வயக்காட்டுக்காரனுக்கு நாலு மணிக்கு முழிப்புத் தட்டுததும் வழக்கந்தானே. "வயித்து வலி, காலாற நடக்கேன்"னு மவகிட்டச் சொல்லிட்டு மேல்தளத்துக்குப் போனேன். ஒரு குருவி கெடையாது. ரெண்டு பக்கமும் கப்பலு வெளக்கா மினுமினுங்குது, கார்த்திகைக்குக் கொளுத்தி வச்ச மாதிரி. போனை எடுத்தேன். உள்ள போக ரூம் நம்பரும் பொறந்த தேதியும் கேட்டுச்சு. மாப்ளை பொறந்த தேதி எனக்குத் தெரியாதா? ஜாதகம் பாத்தவன்ல்லா! நாள், நட்சத்திரம், பாதம் வரைக்கும் சொல்லுவேன்.

அடேயப்பா, என்ன வேகங்குதே! வாய்க்கால் கரை நெறஞ்சு ஓடுத மாதிரி. ஊர் குரூப்புக்கு ஒரு ரோசாப்பூ, "இனிய காலை வணக்கம்"னு போட்டு, கூட நான் நிக்குத படமும் ஒண்ணு. போட்டுட்டு, ஒழுங்காக் கணக்கை மூடி, மடையை அடைச்சிட்டு வந்து படுத்துட்டேன். மண்ணு ஈரம் கூடத் தெரியாது.

ஒண்ணு மட்டும் மறந்துட்டேன் மருமவனே. எனக்கு 4 மணின்னா ஊருக்கு ராத்திரி ஒண்ணரை. அந்நேரத்துக்கு போனு டிங்குன்னதும் எதிர்வீட்டு அண்ணாச்சி எழும்பிட்டாரு. கண்ணாடி போடாமப் பாத்திருக்காரு, பூவும் எம் படமும் சேந்து தெரிஞ்சிருக்கு. பூவும் படமும் ஒண்ணா வந்தா நம்மூர்ல என்ன அர்த்தம்? ஓடி வந்து கதவைத் தட்டி, "மதினி, கப்பல்லேருந்து சேதி வந்திருக்கு"ன்னுட்டாரு. எனக்குப் போன் போட்டுப் பாக்காக, போகல. நாந்தான் மடையை அடைச்சிட்டேனே! தெருவே முழிச்சு, திண்ணையில கூடிருச்சு. ஒங்க அத்தை அழவா வேண்டாமான்னு யோசிச்சுக்கிட்டு நிக்கும்போது, தொழுவத்துல பசு கத்துத சத்தம் கேட்டிருக்கு. ஓடிப் போயிப் பாத்தா கன்னு தலை மாறி நிக்குது. அண்ணாச்சியும் இன்னும் நாலு பேருமாச் சேந்து இழுத்துப் போட்டிருக்காக. ஊரு உறங்கியிருந்தா ரெண்டும் போயிருக்கும்னு மாட்டு டாக்டரு பெறகு சொன்னாராம்.

மறுநாளு மத்தியானம் பினாங்குல போனை முழிக்க வச்சதும் மொதச் சேதி அவளோடதுதான். நான் செத்தேனா பொழைச்சேனான்னு ஒரு வார்த்தை இல்ல. "கிடாரிக் கன்னு"ன்னு மட்டும் அனுப்பியிருந்தா.

இந்தா நிக்குதே, இதுதான். மாப்ளைக்கு அந்த நாலு மணிச் சங்கதி இன்னிக்கு வரைக்கும் தெரியாது. காலையில அவரு போனுல "வேற போன்ல நொழைஞ்சிருக்கு"ன்னு காட்டிச்சுன்னு கேட்டாரு, கப்பல்காரன் கணக்குல ஏதோ கோளாறுன்னுட்டேன். நீ அங்க இங்க வாயை விட்டுராதே. ஏ கழுதை, கால்சட்டையை விடு! நான் மொதல்லயே சொன்னேன்ல்லா, தள்ளி உக்காருன்னு.